ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு

"தம்பி, ஏரி எப்பவும் உமக்கு வலப்பக்கம் இருக்கோணும். இடப்பக்கம் வந்தால் பாதை பிழைச்சுப்போச்சு எண்டு விளங்கிக்கொள்ளும். கோயில் வீதி சுத்துற மாதிரித்தான்."

புறப்படும் முன் எனக்குக் கிடைத்த வழிகாட்டுதல் இவ்வளவுதான். சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரர், சுவிட்சர்லாந்தின் சென் காலன் நகரில் பல வருடங்களாக இருக்கிறார். என் நண்பரின் மைத்துனர். வயதில் மூத்தவர், ஆகவே எனக்கு அண்ணன். அவருடைய மின்சார சைக்கிள் காலை ரயிலில் கொக்கியில் தொங்கியபடி அவரோடு ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் நகருக்கு வந்திருந்தது. எனக்கு அங்கேயே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். மோட்டார் இல்லாத கியர் சைக்கிள், பின்னால் இரண்டு பக்கமும் மழைக்கு நனையாத பைகள்.

கான்ஸ்டன்ஸ் ஏரியை, ஜெர்மன்காரர்கள் போடன்சே என்று சொல்வதை, சுற்றி வருவதுதான் திட்டம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் கரையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் ஏரி. பரப்பு 536 சதுர கிலோமீட்டர். கிழக்கே ரைன் ஆறு உள்ளே வருகிறது, மேற்கே வெளியே போகிறது. முழுச் சுற்று சுமார் 260 கிலோமீட்டர். மேற்கில் இருக்கும் நீண்ட கைகளை விட்டுவிட்டு, மேல் ஏரி எனப்படும் பெரிய பகுதியை மட்டும் சுற்றலாம் என்று முடிவு செய்தோம். ஒரு கையைத் தவிர்க்கப் படகு இருக்கிறது.

அந்தப் படகில் ஏற, ஷ்டாட் படகுத்துறையில் கார்களோடு சேர்ந்து நின்றோம். மேர்ஸ்பூர்க் ஊருக்குப் போகும் இந்தப் படகு 1928 முதல் ஓடுகிறது. இரவென்றும் பகலென்றும் கணக்கில்லை. கால் மணி நேரத்தில் அக்கரை. கார்கள் நடுவில் நிற்க, சைக்கிள்கள் ஓரச் சுவரோடு சாய்ந்து நின்றன. என் பக்கத்தில் அலுவலகப் பையோடு ஒரு பெண். படகு கரையை முட்டி முன்பலகை இறங்கும் முன்பே ஒரு காலைப் பெடலில் வைத்துத் தயாராகிவிட்டார். எங்களுக்கு உல்லாசமாக இருந்த பயணம் அவருக்கு வேலைக்குப் போகும் வழி. இந்த ஏரிக்கரையில் கண்ட பல வசதிகள் இப்படித்தான். சுற்றுலாப் பயணிக்காக என்று தனியாக முளைத்தவை குறைவு. உள்ளூர்க்காரர் தினம் பயன்படுத்துவதில்தான் நாமும் ஏறிக்கொள்கிறோம்.

வலப்பக்கம் என்று அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மூன்றும் வண்டிகள் வலப்பக்கம் போகும் நாடுகள். ஏரியை வலமாகச் சுற்றினால் நாம் எப்போதும் தண்ணீருக்கு அருகில் இருக்கும் ஓரத்தில் போகிறோம். இறங்கிப் படம் எடுக்கவோ கால் நனைக்கவோ சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோர் இதே திசையில் போவதால் எதிரே வரும் கூட்டமும் குறைவு.

மேர்ஸ்பூர்க் செங்குத்தான ஊர். மேட்டில் பழைய கோட்டை. மனிதர்கள் இன்னும் குடியிருக்கும் ஜெர்மனியின் மிகப் பழைய கோட்டை என்று அதற்குப் பெயர். அடியில் திராட்சைத் தோட்டங்கள் ஏரியை நோக்கிச் சரிகின்றன. படம் எடுக்க அருமையான இடம். ஆனால் அங்கிருந்து ஹாக்னாவ், இம்மன்ஸ்டாட் வழியாக ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வரையிலான தூரத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. பாதையில் ஒரு பகுதி பி-31 என்னும் நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது. லாரிகளின் இரைச்சல் காதை அடைக்கிறது. சைக்கிளுக்குத் தனித் தடம் இருக்கிறது, பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் பக்கத்தில் லாரி உறுமிக்கொண்டிருந்தால் ஏரி எவ்வளவு நீலமாக இருந்து என்ன? விளம்பரப் புத்தகங்களில் இந்தப் பகுதியின் படத்தை நான் பார்த்ததில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது.

இரைச்சல் விலகியதும்தான் பாதையின் கைவேலை கண்ணில் படத் தொடங்கியது. நான் எதிர்பார்த்திருந்தது ஏரியைச் சுற்றி ஒரே சீராகப் போட்ட அகலமான சைக்கிள் சாலை. அப்படி ஒன்று அங்கே இல்லை. கொஞ்ச தூரம் ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவே டிராக்டர் போகும் வழி. அப்புறம் ஒரு குடியிருப்புத் தெரு. அங்கே வசிப்பவர்களின் வண்டிக்கு மட்டும் அனுமதி என்று முகப்பில் பலகை. அடுத்து ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடித் தார்ப் பாதை, பிறகு படகுத்துறையின் கல் பாவிய தளம். ஏற்கெனவே இருந்த வழிகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். புதிதாகச் சிமெண்ட் கொட்டியது எங்கே என்று தேடினால், முடிச்சு விழும் இடங்களில்தான்: சாலைக்கு அடியில் ஒரு சுரங்க வழி, ஓடைக்கு மேல் ஒரு மரப்பாலம், சந்திப்பில் ஒரு திட்டு. லாங்கன்ஆர்கன் ஊருக்கு அப்பால் ஆர்கன் ஆற்றைக் கடக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய கம்பித் தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. கார்களுக்குப் பக்கத்தில் வேறு பாலம் கட்டிவிட்டு, பழையதை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிட்டார்கள். தூண்களைப் பார்த்தால் கோட்டை வாசல் மாதிரியே இருக்கிறது.

முடிச்சுகளை அவிழாமல் காப்பது பலகைகள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிறிய சின்னம்: சைக்கிள் ஓட்டும் உருவம், பின்சக்கரம் மட்டும் நீல வட்டம். ஏரிதான் அந்தச் சக்கரம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அதே சின்னம். திரும்பிய பிறகும் சிறிது தூரத்தில் இன்னொரு அம்புக்குறி இருக்கும், வந்த வழி சரிதான் என்று உறுதி சொல்ல. திருப்பத்துக்கு முன்னால் பலகை வைப்பதை எல்லோரும் செய்வார்கள். திருப்பத்துக்குப் பின்னாலும் வைக்கிறவர், நிச்சயம் ஒருமுறையாவது அந்த வழியில் சைக்கிளில் போய்ப் பார்த்தவராக இருக்க வேண்டும். முதல் சில மணி நேரம் கைபேசி வரைபடத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அது பைக்குள் போனது, மழை வரும் வரை வெளியே வரவில்லை.

செப்டம்பர் மாதம், ஆப்பிள் பறிக்கும் காலம். தோட்டத்து வேலியோரம் மரப்பெட்டிகளில் பழம், அட்டையில் விலை, பக்கத்தில் பூட்டுப் போட்ட இரும்பு உண்டியல். ஆள் கிடையாது. நாணயத்தைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். காரில் போகிறவர் இதைத் தாண்டிய பிறகுதான் பார்ப்பார். நிறுத்த இடமும் இருக்காது. சைக்கிளில் வருகிறவருக்கோ பழத்தின் வாசனையே முன்கூட்டி வந்து சொல்லிவிடுகிறது. நாங்கள் அங்கே நின்ற நேரத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் காசு விழும் சத்தம் கேட்டபடியே இருந்தது.

ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன், ஸெப்பெலின் ஊர். 1900 ஜூலை 2 அன்று இந்த ஏரியின் மேலேதான் முதல் ஸெப்பெலின் வான்கப்பல் எழும்பியது. துறைமுகத்தில் இருக்கும் பழைய ரயில் நிலையக் கட்டடம் இப்போது அதன் அருங்காட்சியகம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு அங்கே பிடித்துப்போனது படகுத்துறைப் பெஞ்சு. எதிர்க்கரையில் இருக்கும் சுவிஸ் ஊரான ரோமன்ஸ்ஹார்னுக்கு இங்கிருந்து கார் படகு போகிறது, நாற்பது நிமிடம். கான்ஸ்டான்ஸுக்கு 2005 முதல் கட்டுமரப் பாணி வேகப்படகு வேறு. ரயில் நிலையமோ துறையிலேயே நிற்கிறது. அந்த பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் யார் யார் சைக்கிளில் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வந்தவர்களில் இழுவண்டியில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். எழுபதைத் தாண்டியிருக்கக்கூடிய ஒரு தம்பதி, இருவருக்கும் மின்சார சைக்கிள். கணவருக்கு முழங்காலில் பட்டை. பந்தய உடையில் விறைப்பாக வந்தவர் ஒரே ஒருவர்தான். அந்தத் தம்பதி ரோமன்ஸ்ஹார்ன் படகில் ஏறிவிட்டார்கள்.

"பாத்தீரே? அவை இனி லிண்டாவும் போகாயினம், ப்ரெகென்ஸும் போகாயினம். கால் நோகுது, படகிலை ஏறியாச்சு. இதிலை வெக்கமே இல்லை. எங்கை வேணுமெண்டாலும் விட்டிட்டுப் போகலாம்," என்றார் அண்ணன்.

காலையிலிருந்து எனக்குள் உருண்டுகொண்டிருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டார். 260 கிலோமீட்டர் என்று கேட்டாலே நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவோம். பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒன்பது பேரும் தொடங்கிப் பார்ப்பார்கள். பாதையின் அகலமும் ஏரியின் அழகும் அதற்கு அப்புறம்தான். இந்த ஏரியில் சில கிலோமீட்டருக்கு ஒரு ரயில் நிலையம், ஊருக்கு ஊர் படகுத்துறை. சைக்கிளைத் தூக்கிப் படியேற வேண்டியதில்லை. பல நிலையங்களில் சரிவுப் பாதையோ மின்தூக்கியோ இருக்கிறது. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டுமென்றால் பார்சல் அலுவலகத்துக்குப் போய், எடை போட்டு, சாக்குக் கட்டி, சரக்குப் பெட்டியில் ஏற்றிவிட்டு, இறங்கும் ஊரில் அது இறங்கியதா என்று ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். சைக்கிள் ஏரிக்கரையில் பயணியின் உடைமை, நம் ஊரில் சரக்கு.

நோனன்ஹார்ன், வாஸர்பூர்க் ஊர்களைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. லிண்டாவ் வந்து சேர்ந்தபோது உள்ளாடை வரை ஈரம். தங்குமிடத்து வாசலில் 'பெட்+பைக்' என்று ஒரு பலகை. ஜெர்மன் சைக்கிள் ஓட்டிகள் சங்கமான ஏ.டி.எஃப்.சி. 1995இல் தொடங்கிய முத்திரை அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விடுதிகள் இன்று வைத்திருக்கின்றன. முத்திரை பெற நிபந்தனைகள் உண்டு. ஒரே ஒரு இரவு தங்க வருகிறவரையும் மறுக்காமல் ஏற்க வேண்டும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் வேண்டும். நனைந்த துணி உலர்த்த வசதி வேண்டும். காலை உணவு வயிறு நிறைய இருக்க வேண்டும். சின்னப் பழுதுக்குக் கருவிகள் கையிருப்பில் இருக்க வேண்டும்.

காகிதத்தில் படித்தால் சாதாரணமாகத் தெரியும் இந்த நிபந்தனைகள், சொட்டச் சொட்ட நிற்கும்போது வேறு மாதிரி தெரிகின்றன. விடுதிக்காரப் பெண்மணி எங்களை மேலே அறைக்கு அனுப்பவில்லை. முதலில் நிலவறைக்கு அழைத்துப்போனார். இரும்புச் சட்டங்களில் வரிசையாகச் சைக்கிள்கள். சுவரில் மின்கலம் ஏற்றும் சொருகிகள், ஒவ்வொன்றின் மேலும் அறை எண் எழுதிய துணிக் கவ்வி. உள்ளே கொதிகலன் அறை. அதன் வெப்பத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி யார் யாருடையவோ காலுறைகளும் மேற்சட்டைகளும் தொங்கின. ஓரத்தில் ஒரு மரப்பெட்டியில் ஒட்டுப் போடும் பசை, டயர் நெம்பி, சங்கிலி எண்ணெய், ஆறு அளவில் திருகிச் சாவிகள். ஷூக்களுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் பெயரைக் கேட்டார். இதற்கெல்லாம் அவருக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு நிலவறை, கொஞ்சம் கொடிக் கயிறு. அந்த நிலவறையில் அன்று இரவு நின்ற சைக்கிள்களை எண்ணினால், அவர் விடுதி நிறைந்திருந்தது தெரிந்தது. வார நாள், மழை, பள்ளி விடுமுறையும் முடிந்த சமயம்.

மியூனிக்கிலிருந்து காரில் வருகிறவர் லிண்டாவில் ஒரு காபி குடித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் சுவிட்சர்லாந்தில் இருப்பார். சைக்கிளில் வந்தவருக்கு அந்த வேகம் கிடையாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை பசிக்கும், இருட்டினால் படுக்க வேண்டும், எதையும் மூட்டை கட்டி எடுத்துவர முடியாது. ஆகவே வழியில்தான் வாங்க வேண்டும், பெரிய ஊர்தான் வேண்டும் என்றும் இல்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்காக 2012இல் செய்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவில் சைக்கிள் சுற்றுலாவின் பொருளாதார மதிப்பை ஆண்டுக்கு 4,400 கோடி யூரோ என்று மதிப்பிட்டது. பயணங்களின் எண்ணிக்கை சுமார் 230 கோடி. அதில் இரவு தங்கிப் போகும் பயணங்கள் சுமார் 2 கோடிதான். மீதி அத்தனையும் காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்புகிறவை. தொகையைவிட இந்தப் பங்கீடுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தூர தேசத்து விருந்தாளியை நம்பி இந்தப் பாதைகள் இல்லை. பக்கத்து ஊர்க்காரரின் ஞாயிற்றுக்கிழமைதான் இவற்றின் மூலதனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு விலையும் உண்டு. கோடைக் காலத்து விடுமுறை நாட்களில் இந்தக் கரையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் வாய்த் தகராறு சகஜமாம். லிண்டாவ் தீவின் பழைய தெருக்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் பலகைகளைப் பார்த்தோம். இறங்காமல் போகிறவர்களையும் பார்த்தோம். மின்சார சைக்கிள் வந்த பிறகு வயதானவர்கள் வெளியே வந்தது நல்லதுதான். அதே சமயம் குறுகிய வளைவில் அவர்கள் வரும் வேகம் நமக்குத் திக்கென்கிறது. "எங்கடை ஆக்களுக்கு மணி அடிக்கத் தெரியும், பிறேக் பிடிக்கத்தான் தெரியாது," என்று அண்ணன் தன்னையும் சேர்த்தே சொல்லிக்கொண்டார்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. லிண்டாவ் துறைமுக வாசலில் கல் சிங்கமும் கலங்கரை விளக்கமும், பின்னால் புதுப் பனி தூவிய மலைகள். ப்ரெகென்ஸ் பத்து கிலோமீட்டர்தான். ஆஸ்திரியாவுக்குள் எப்போது நுழைந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை; ஒரு சின்ன ஓடை, ஒரு பலகை, அவ்வளவே. மேல் ஏரியின் நடுவில் எல்லைக்கோடு எங்கே என்பதற்கு இந்த நாடுகளுக்குள் இன்றுவரை முழு உடன்பாடு கிடையாது. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதாகவும் தெரியவில்லை.

லோஹாவிலிருந்து ப்ரெகென்ஸ் வரும் கரைக்கு உள்ளூர்க்காரர்கள் 'பைப்லைன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தாலியிலிருந்து ஜெர்மனிக்கு எண்ணெய் கொண்டுபோன குழாய் ஒரு காலத்தில் இந்த வழியாகப் போனது. மலைக்கும் ஏரிக்கும் நடுவே சாலை, ரயில், குழாய் மூன்றும் நெருக்கியடித்த இடம். இன்று குழாய் இருந்த கரையில் சைக்கிளும் நடைபாதையும் நீந்துகிறவர்கள் இறங்கும் கற்படிகளும். அடுத்து வருவது ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் ப்ரெகென்ஸ் மேடை. 1946 முதல் நடக்கும் இசைவிழா. கோடையில் ஏழாயிரம் பேர் கரையில் உட்கார்ந்து ஓபரா கேட்பார்கள். நாங்கள் போனபோது விழா முடிந்து, நாற்காலிகளில் மழைநீர் தேங்கியிருந்தது.

பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்து வந்தது. எந்த அஞ்சலட்டையிலும் அது இருக்காது. ரைன் ஆறு ஏரியில் விழும் முகத்துவாரம். ஆறு பழைய வளைவுகளில் அலைந்து ஊர்களை முழுக்கடித்துக்கொண்டிருந்ததால் 1900இல் ஃபூஸாஹ் அருகே நேராக வெட்டி ஏரிக்குள் விட்டார்கள். மலையிலிருந்து அடித்துவரும் வண்டலும் மணலும் ப்ரெகென்ஸ் விரிகுடாவைத் தூர்த்துவிடாமல் இருக்க, இரண்டு பக்கக் கரைகளையும் ஏரிக்குள்ளேயே நீட்டிக்கொண்டு போனார்கள். அந்த அணைக்கரையின் மேல் போகலாம். இருபுறமும் நாணல்; சாம்பல் நிற ஆற்று நீரும் பச்சை ஏரி நீரும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. கார் இரைச்சல் அறவே இல்லை.

அங்கேதான் அண்ணன் யாழ்ப்பாணத்துச் சைக்கிளைப் பற்றிப் பேசினார். "தொண்ணூறிலை திரும்பச் சண்டை தொடங்கினாப் பிறகு பெற்றோல் உள்ளுக்கை வரேல்லை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயிலை ஓட்டிச்சினம். மிச்சம் எல்லாம் சைக்கிள்தான் தம்பி. பள்ளிக்கூடம், சந்தை, விறகு, ஆஸ்பத்திரி. நான் அம்மாவைப் பின்னுக்கு இருத்தி, முன்னுக்குத் தம்பியை இருத்தி, சாவகச்சேரி மட்டும் ஓடியிருக்கிறன். இஞ்சை வந்து வேலை எடுத்து கார் வாங்கினாப் பிறகு, இனி வாழ்க்கையிலை சைக்கிளைத் தொடமாட்டன் எண்டு நினைச்சனான்." ஏன் தொட்டார் என்று கேட்டேன். "டொக்ரர் சொன்னவர்," என்றார். இதைவிட உருக்கமான பதிலை எதிர்பார்த்தது என் தப்பு.

சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்ததும் பலகைகள் சிவப்பு நிறத்துக்கு மாறின. வெள்ளைச் சைக்கிள், எண், அம்புக்குறி. ரோர்ஷாக், ஆர்பான், ரோமன்ஸ்ஹார்ன் என்று கரையோர ஊர்களைக் கோத்துக்கொண்டு ஒரு ரயில் பாதை போகிறது. சைக்கிள் பாதை அதைப் பிடித்துக்கொண்டே வருகிறது. சில இடங்களில் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ஆள் அகலம்தான். ஆர்பானில் மதியம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், ஏரி மீன் என்ன இருக்கிறது என்று கேட்டோம். ஃபெல்கன் என்னும் வெள்ளை மீன்தான் இந்த ஏரியின் அடையாளம். அது பட்டியலில் இருந்தது, ஆனால் வேறு ஏரியிலிருந்து வந்ததாம். மீன் வளம் சரிந்துபோனதால் 2024 முதல் மூன்று ஆண்டுகளுக்கு இங்கே ஃபெல்கன் பிடிக்கத் தடை. தண்ணீர் சுத்தமாகி மீனுக்கு இரை குறைந்தது, புதிதாக வந்து சேர்ந்த முள்மீனும் வெளியூர் மட்டியும், நீர்க்காகங்கள் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். நாற்பது லட்சம் பேர் குடிக்கும் தண்ணீர் இந்த ஏரியிலிருந்து போகிறது. அதைச் சுத்தமாக வைத்ததில் மீனவருக்கு அடி. சைக்கிளில் வருகிறவர்கள் கேட்கிறார்களே என்று உணவகங்கள் அந்த மீனின் பெயரை விடாமல் வைத்திருக்கின்றன.

கொடைக்கானலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1863இல் உண்டாக்கிய ஏரி, சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை, வாடகைச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் வழக்கம் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் உண்டு. ஏரியைச் சைக்கிளில் சுற்றும் ஆசையை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் சீசனில் அந்த ஐந்து கிலோமீட்டரில் காரும் வேனும் குதிரையும் சோளக்கதிர் வண்டியும் குழந்தையின் வாடகைச் சைக்கிளும் ஒரே தார்ச்சாலையில். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது, உயர் நீதிமன்றம் சொல்லித்தான். மேலே வரும் கார்களை எண்ணத் தொடங்கியிருக்கிறோம். ஏரியைச் சுற்றும் சாலையைக் காலை சில மணி நேரமாவது சைக்கிளுக்கும் காலுக்கும் மட்டும் விட, புதிதாக எதையும் கட்ட வேண்டாம். ஒரு தடுப்பும் ஒரு பலகையும் போதும். பழனி ரோட்டிலிருந்து யாரும் சைக்கிளில் ஏறி வரப்போவதில்லை என்பது உண்மைதான். வந்து இறங்கியவர் காரைத் திரும்ப எடுக்காமல் இருந்தாலே பெரிய விஷயம்.

சுவிஸ்காரர்களுக்கும் இது தானாக வந்துவிடவில்லை. 2018 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு வைத்து, 73.6 சதவீத ஆதரவோடு சைக்கிள் பாதையை அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அதையொட்டிய சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் பாதை வலைக்குத் திட்டம் போட வேண்டும், 2042க்குள் கட்டி முடிக்க வேண்டும். தினசரிப் போக்குவரத்துக்கான பாதையும் பொழுதுபோக்குப் பாதையும் அந்தச் சட்டத்தில் ஒன்றாகவே வருகின்றன. படகில் பார்த்த அலுவலகப் பெண்ணுக்கும் எங்களுக்கும் ஒரே சட்டம்.

ரோமன்ஸ்ஹார்னுக்கு அப்பால் என் வலது முழங்கால் முனகத் தொடங்கியது. அண்ணன் எதுவும் கேட்காமல் அடுத்த நிலையத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டார். க்ரொய்ட்ஸ்லிங்கன் வரை ரயில். சன்னலுக்கு வெளியே நாங்கள் போயிருக்க வேண்டிய பாதையும் அதில் போகிறவர்களும் கூடவே வந்தார்கள். வெட்கம் கொஞ்சம் இருந்தது, பத்து நிமிடம்.

க்ரொய்ட்ஸ்லிங்கனும் கான்ஸ்டான்ஸும் ஒட்டிக் கிடக்கும் இரண்டு ஊர், இரண்டு நாடு. ஏரிக்கரைப் புல்வெளியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து வேலி ஒன்று நின்றதாம். 2006இல் அதைப் பிடுங்கிவிட்டு, அடுத்த ஆண்டு யோஹன்னஸ் டோர்ஃப்ளிங்கர் என்ற கலைஞரின் எஃகுச் சிற்பங்கள் 22ஐ எல்லையில் வரிசையாக நட்டார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அதே இடத்தில் மறுபடி கம்பி வேலி. இரு பக்கக் காதலர்களும் குடும்பங்களும் வேலிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று பேசிய படங்கள் அப்போது உலகமெல்லாம் வந்தன. இப்போது சிற்பங்களுக்கு நடுவே சைக்கிள்கள் சும்மா போய் வருகின்றன. சரக்குப்பெட்டி வைத்த ஒரு சைக்கிளில் காய்கறிப் பையோடு ஒருவர் ஜெர்மனியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் போனார். ஜெர்மனிப் பக்கம் விலை மலிவு.

மேற்கே இன்னும் கீழ் ஏரி பாக்கி இருக்கிறது. ரைஹெனாவ் தீவு, ஹெர்மன் ஹெஸ்ஸே குடியிருந்த கையன்ஹோஃபன், ஷ்டைன் அம் ரைன் ஊரின் சித்திரம் எழுதிய வீடுகள் எல்லாம் அந்தப் பக்கம். கூட்டம் குறைவு என்றும், நெடுஞ்சாலை தொல்லை இல்லை என்றும் அண்ணன் சொன்னார். முதன்முறை போகிறவர் மேர்ஸ்பூர்க் பக்கத்தை விட்டுவிட்டு அங்கே தொடங்கலாம் என்பது என் யோசனை. வாடகைச் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் அவர் கைபேசியில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டே வந்தார், அடுத்த கோடைக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா வருகிறாராம், அறுபது கடந்தவர். "அவவுக்கு ரோமன்ஸ்ஹார்னிலை இருந்து ஆர்பான் மட்டும் காணும். அங்கை ஐஸ்கிரீம் குடிச்சிட்டு ரயிலிலை திரும்பலாம்."